அணைக்கக் கூடாத வண்டி

அவனை எல்லோரும் 'மெதுவா' என்றுதான் கூப்பிட்டார்கள். பெட்டியைத் தூக்கும்போதும், வாசற்படி இறக்கும்போதும், வண்டிக்குள் தள்ளும்போதும் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லி அதுவே பேராகிவிட்டது. துக்க வீட்டிலிருந்து போன் போட்டு, "மெதுவாவைக் கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்க" என்று கேட்பார்கள். அக்காவுக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியாது. "அனுப்பறேன்" என்று சொல்லி வைத்துவிடுவாள்.

தொழில் அக்காவுடையது. அக்கா புருஷன் ஆரம்பித்தது, அவர் போன பிறகு அவள் கைக்கு வந்தது. முன்னறையில் ஒரு மேசை, ஒரு போன், வருகிறவர்கள் உட்கார இரண்டு நாற்காலி. பின்னால் தகரக் கொட்டகை, அதற்குள் வண்டி. அக்கா போன் எடுப்பாள், தம்பி ஓட்டுவான்.

அந்த வண்டி அவர்கள் இருவரையும் விட வயதில் மூத்தது. நீளமான கருப்பு மூக்கு, உருண்டையாக இரண்டு விளக்கு, பக்கவாட்டில் பெரிய கண்ணாடி. ஊரில் வெள்ளை வேன்கள் எத்தனையோ வந்துவிட்டன. அவற்றில் ஏசி உண்டு, கூப்பிட்ட மாத்திரத்தில் வந்து நிற்கும். ஆனாலும் சிலர் இந்தக் கருப்பு வண்டியைத்தான் கேட்பார்கள். "இருந்தவரைக்கும் பஸ்ஸுல தொங்கிட்டேதான் போனாரு, இன்னிக்காவது கார்ல போகட்டும்" என்று ஒரு மகன் சொன்னான்.

வண்டிக்கு உள்ள ஒரே வியாதி ஸ்டார்ட் ஆவதில்தான். இப்போதைய வண்டிகளுக்கெல்லாம் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. இதற்கு ஆறு. அந்த ஆறும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போய்ச் சேருவதற்குள் வழியில் எங்கோ களைத்துவிடும். பட்டனை அழுத்தினால், மாடிப்படி ஏறுகிற ஆஸ்துமாக்காரர் மாதிரி எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும், மூச்சு வாங்கும், மனசு வந்தால் இன்னொரு சுற்று. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கெஞ்சினால் எடுத்துவிடும். ஓடிச் சூடானபின் அணைத்தால் தொலைந்தது. முன்னால் இரும்பு ஹாண்டிலைச் செருகிக் கையால் சுற்றியும் எடுக்கலாம். ஒருநாள் அது திருப்பி அடித்ததில் அவன் மணிக்கட்டு உடைந்தது. அக்கா அந்த ஹாண்டிலை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

அதனால் அவன் துக்க வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினால் எஞ்சினை அணைக்கவே மாட்டான். உள்ளே அழுதுகொண்டிருப்பார்கள், வெளியே இது டுக்குடுக்கென்று ஓடிக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரமானாலும் அப்படித்தான். யாராவது ஜன்னல் பக்கம் வந்து ஏதாவது சொன்னால் பாதி காதில் விழாது. தலையை ஆட்டி வைப்பான். பல வருஷமாக இதே பாடு. தோள்பட்டை வலி, ஸ்டியரிங்கில் கை, காதில் எஞ்சின் சத்தம், முகத்தில் துக்கத்துக்கென்று வைத்திருக்கிற ஒரு முகம். போதும் போதும் என்றாகிவிட்டது அவனுக்கு. அக்காவை விட்டுவிட்டு எங்கே போவது என்பதால் போகவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு மாவு மில்லில் வேலை பார்த்த ஒருவர் இறந்துபோயிருந்தார். குறுகிய தெரு. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், கொஞ்சம் ஏற்றம். காலையிலேயே இன்னொரு சாவுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தான். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினான்.

கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் விளிம்பில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. இறந்தவரின் மனைவி. சின்ன உருவம். ஏதோ சொன்னாள். அவன் வழக்கம்போலத் தலையை ஆட்டினான். அவள் போகவில்லை. கையையும் எடுக்கவில்லை. அவன் குனிந்து காதைக் கொடுத்தான்.

"இதைக் கொஞ்சம் அணைங்களேன் தம்பி."

"வண்டி அப்படித்தாம்மா. அணைச்சா..."

"அவருக்குச் சத்தம் ஆகாது. வாழ்க்கை பூரா மில்லு சத்தத்துலயே கெடந்தாரு. வீட்டுக்கு வந்தா என்னை மிக்ஸி கூடப் போட விடமாட்டாரு. போறப்பவாவது அமைதியாப் போகட்டுமே."

இதே மாதிரி முன்னாலும் சிலர் கேட்டிருக்கிறார்கள். 'வண்டி அப்படித்தான்' என்று சொன்னால் மூக்கைச் சுளித்துவிட்டுப் போய்விடுவார்கள். இவள் மூக்கைச் சுளிக்கவில்லை. அழவும் இல்லை. ஒரு கட்டிலின் பக்கத்தில் ரொம்ப நாள் உட்கார்ந்து எழுந்தவள் மாதிரி இருந்தாள். அந்த அலுப்பு அவனுக்குத் தெரிந்த அலுப்பு. வாக்குவாதம் பண்ணத் தெம்பில்லாமலோ, இல்லை அந்த முகத்தைப் பார்த்தோ, அவன் சாவியைத் திருப்பிவிட்டான்.

தெரு அப்படியே அடங்கிப்போயிற்று. அவள் ஜன்னலிலிருந்து கையை எடுத்து, "நல்லா இருப்பீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பெட்டியைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். "மெதுவா, மெதுவா." பின்கதவைச் சாத்தி, மேலே மாலையைச் சரி செய்துவிட்டு வந்து உட்கார்ந்தான். வழியனுப்ப எல்லோரும் வாசலில் நின்றிருந்தார்கள். பட்டனை அழுத்தினான்.

ர்ர்ர்... உம்.

ஒரே ஒரு சுற்று. மறுபடி அழுத்தினான். அரைச் சுற்று. மூன்றாவது தடவை உள்ளே எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. பேட்டரி கையை விரித்துவிட்டது. அந்தக் கால டைனமோ, எஞ்சின் வேகமாக ஓடினால்தான் பேட்டரிக்கு ஏதாவது கொடுக்கும். வாசல் வாசலாக நின்று மெதுவாக ஓடியதில் காலையிலிருந்து செலவுதான், வரவே இல்லை.

அவன் இறங்கினான். எல்லார் முகமும் அவன் முகத்தைப் பார்த்தது.

"கொஞ்சம் தள்ளணும்" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

மகன் வந்தான், மருமகன் வந்தான், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். ஏற்றத்தில் முன்னால் தள்ள முடியவில்லை. வண்டி ஒரு சாண் நகர்ந்து, திரும்ப வந்து, தள்ளினவர்களையே தள்ளியது. "பின்னால விடலாம், ரிவர்ஸ்ல எடுத்திடும்" என்று யாரோ சொன்னார்கள். வேறு வழியில்லை. எல்லோரும் முன்பக்கம் வந்து மூக்கில் கை வைத்துத் தள்ள, வண்டி பின்னாலேயே உருண்டது. வாசலில் கைகூப்பி நின்றவர்களுக்கு எதிரே, பின்பக்கமாக, மில்லுக்காரர் தன் வீட்டைத் தாண்டிக் கீழே போனார். மாலை சரிந்து கண்ணாடியில் விழுந்தது. தெருமுனையில் கிளட்ச்சை விட்டான். ஒரு உதறல், ஒரு புகை, எஞ்சின் எடுத்தது. பிறகு திரும்ப மேலே ஏறி, அதே வாசலை இரண்டாவது தடவையாகக் கடக்க வேண்டும்.

அப்போதுதான் தள்ளினவர்களில் ஒரு பையன், இறந்தவரின் அக்கா மகன், மூச்சிரைத்துக்கொண்டே, "மாமாவுக்குப் போக மனசே இல்ல" என்றான். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடுத்தவருக்குத் தொற்றியது. மகனும் சிரித்தான், சிரித்துக்கொண்டே இருந்தவன் அப்படியே வண்டியின் மட்கார்டில் தலையை வைத்து ஓவென்று அழ ஆரம்பித்தான்.

மெதுவா நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாசலை நெருங்கும்போது அந்த அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தான். திட்டினால் நல்லது என்றும் நினைத்தான்.

"என்னாலதான் தம்பி" என்றாள், எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தி. "நான்தானே அணைக்கச் சொன்னேன். மனசுல வெச்சுக்காதீங்க."

அவனுக்குத் தலையை ஆட்டக்கூட வரவில்லை.

மறுநாள் மச்சினன் வந்தான். மெதுவாவுடைய மனைவியின் தம்பி. கார் எலக்ட்ரீஷியன். கையில் புதுப் பேட்டரியோடு வந்தான். இதற்கு முன்னாலும் இரண்டு தடவை புதுப் பேட்டரிதான் போட்டான். நடுவில் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிப் போய் புஷ், கார்பன் எல்லாம் மாற்றிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் நன்றாக எடுக்கும், பிறகு பழைய குருடி கதவைத் திறடிதான்.

"மச்சான், நான் சொன்னா கேக்க மாட்டேங்கறீங்க. பன்னண்டு வோல்ட்டா மாத்திடலாம். ரெண்டு நாள் வேலை. அப்புறம் பட்டனைக் காட்டினாலே எடுத்துக்கும்."

"விளக்கு?" என்றாள் அக்கா, மேசைக்குப் பின்னாலிருந்து.

"பல்பை மாத்தணும்."

"ஹாரன்?"

"மாத்தணும். டைனமோ, வைப்பர் மோட்டார், பெட்ரோல் மீட்டர்..."

"ஒண்ணை மாத்தப் போய் ஒம்பதை மாத்தணும். அப்புறம் அது ஒண்ணொண்ணுக்கும் நீ ஒரு தடவை வரணும். எனக்கு உடம்புல தெம்பில்லப்பா. இதே ஆறு வோல்ட்டுல இந்த வண்டி ஒரு காலத்துல ஓடிச்சில்ல? பட்டனைத் தொட்டா எடுக்கும், நானே பாத்திருக்கேன்."

"அது அப்போக்கா. புதுசுல."

"அப்பவும் இது பழசுதான்."

மச்சினன் சிரித்து மழுப்பப் பார்த்தான். "விடுங்க. ஏறுறவருக்கு அவசரம் இல்ல, ஓட்டுறவரு பேரே மெதுவா. வண்டிக்கு மட்டும் என்ன அவசரம்?"

வேறு நாளாயிருந்தால் மெதுவாவும் சிரித்திருப்பான். அன்று எழுந்து போய்க் கொட்டகையில் நின்றுகொண்டான். பின்னாலேயே வந்த மச்சினனிடம், "உன் வோல்ட் மீட்டரைக் குடுத்துட்டுப் போ" என்றான்.

"உங்களுக்குப் பாக்கத் தெரியுமா?"

"ஆறுன்னா ஆறு, அஞ்சுன்னா அஞ்சு. இதுல தெரிய என்ன இருக்கு?"

புதுப் பேட்டரி போட்டும் ஒரு வாரத்தில் பழைய கதைதான். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் எதுவும் வரவில்லை. தகரக் கூரை சுட்டது. அவன் பனியனோடு எஞ்சின் மூடியைத் தூக்கி நிறுத்திக்கொண்டு நின்றான். பட்டனை அழுத்த ஒரு ஆள் வேண்டும். அக்காவைக் கூப்பிட்டான். அவள் போனைத் தூக்கிக்கொண்டு, ஒயரை நீட்ட முடிந்தவரை நீட்டி, கொட்டகை வாசலில் வைத்துவிட்டு வந்து ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

எஞ்சின் எடுத்துவிடாமல் இருக்க இக்னீஷன் ஒயரைக் கழற்றிவிட்டான். மீட்டரின் இரண்டு முனையையும் பேட்டரியின் இரண்டு தலையில் வைத்தான்.

"அழுத்து."

ர்ர்ர்... உம். ர்ர்ர்... உம். முள் இறங்கி அஞ்சுக்குப் பக்கத்தில் நின்றது. இழுக்கும்போது இவ்வளவு இறங்குவது நியாயம்தான். பேட்டரி மேல் தப்பில்லை. இப்போது ஒரு முனையை ஸ்டார்ட்டரின் போல்ட்டிலும் இன்னொன்றை அதன் உடம்பிலும் வைத்தான்.

"அழுத்து."

மூன்றுதான் காட்டியது. அதுவும் ஆடிக்கொண்டே.

"பேட்டரியில அஞ்சு இருக்கு, இங்க வரும்போது மூணு. ரெண்டு வோல்ட் வழியில காணாமப் போகுது."

"யார் எடுத்தா?"

"அதைத்தானே தேடறோம்."

பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகிற கேபிளைப் பார்த்தான். மச்சினன் என்றைக்கோ மாற்றியது. சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. புது வண்டிகளுக்கு விற்கிற கேபிள். வோல்ட் பாதியானால் அதே வேலைக்குக் கரண்ட் இரண்டு மடங்கு ஓட வேண்டும், அதற்கு இந்தக் கேபிள் பத்தாது. தொட்டுப் பார்த்தான், வெதுவெதுப்பாக இருந்தது. சரி, இது ஒன்று. ஆனால் முழு இரண்டு வோல்ட்டையும் இது மட்டுமா தின்னும்?

"இன்னொரு தடவை அழுத்து. கொஞ்சம் நீளமா."

ர்ர்ர்... உம். ர்ர்ர்...

"ஐயோ!" அக்கா கையை உதறினாள்.

"என்னாச்சு?"

"இந்தக் கம்பி ஏன்டா இப்படிச் சுடுது?"

"எந்தக் கம்பி?"

"சோக் கம்பி. இந்தக் குமிழுக்கு அடியில தொங்குதே. கை பட்டுச்சு, தோசைக்கல்லு மாதிரி இருக்கு."

அவன் சுற்றிக்கொண்டு வந்து குனிந்து தொட்டான். உண்மைதான். கையை வைக்க முடியவில்லை. சோக் கம்பி என்பது கார்புரேட்டரின் காற்று மூடியை இழுப்பதற்கு இருக்கிற வெறும் கம்பி. கரண்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது எதற்குச் சுட வேண்டும்?

கீழே ஒரு கோணியை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தான். படுத்துக்கொண்டு யோசித்தான். படுத்தால் தூக்கம் வருகிற உடம்பு. கண்ணை மூடவிடாமல் யோசித்தான். கரண்ட் பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகிறது. போனது திரும்பி வர வேண்டும். எஞ்சின் வழியாக, சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் வழியாக, பேட்டரிக்கு. ஆனால் எஞ்சின் சேஸிஸ் மேல் நேராக உட்காரவில்லை, ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதற்கென்று எர்த் பட்டை என்று ஒன்று இருக்கும்.

துணியால் துடைத்துத் துடைத்துத் தேடினான். கியர் பாக்ஸ் பக்கத்தில் இருந்தது. செம்புக் கம்பிகளைப் பின்னிச் செய்த பட்டை, மேலெல்லாம் கருப்புப் பெயின்ட். பாதி இழைகள் அறுந்து, தேய்ந்த துடைப்பம் மாதிரி விரிந்து கிடந்தது. போல்ட்டைக் கழற்றினான். பட்டைக்கும் சேஸிஸுக்கும் நடுவிலும் பெயின்ட். பளபளவென்று, மொத்தமாக.

"அக்கா."

"ம்?"

"வண்டிக்கு எப்ப பெயின்ட் அடிச்சாங்க?"

"அவர் இருந்தப்போ. கடைசி வருஷம். அடியிலகூட ஒரு இடம் விடக் கூடாதுன்னு எல்லாத்தையும் கழட்டச் சொல்லி, கூடவே நின்னு அடிக்க வெச்சாரு. ஏன்?"

"எர்த் பட்டைக்கு அடியிலயும் அடிச்சிருக்கு. திரும்பி வர்ற மெயின் ரோட்டை அடைச்சாச்சு. கரண்ட் என்ன பண்ணும்? சோக் கம்பிச் சந்துல பூந்து போயிருக்கு இத்தனை நாளா."

அக்கா சீட்டிலிருந்து இறங்கி வந்து நின்றாள். அவன் அடியில் இருந்ததால் அவள் கால் மட்டும்தான் தெரிந்தது.

"அவரு எதையுமே அரைகுறையா செய்ய மாட்டாரு" என்றாள்.

அவன் உப்புத்தாளை வைத்துத் தேய்த்தான். இரும்பு வெள்ளையாகத் தெரிகிற வரைக்கும் சேஸிஸில் ஒரு இடம், கியர் பாக்ஸில் ஒரு இடம். தோள் விண்ணென்று தெறித்தது. பெயின்ட் தூள் கண்ணில் விழுந்தது. தேய்த்து முடிக்கும்போது வெயில் தாழ்ந்துவிட்டது.

மறுநாள் பக்கத்து வெல்டிங் பட்டறையில் போய்க் கேட்டான். அவர்கள் வெல்டிங் ராடுக்குப் போடுகிற கேபிள், கட்டைவிரல் தடிமன், உள்ளே முடி மாதிரி ஆயிரம் செம்பு இழை. இரண்டு துண்டு வெட்டிக் கொடுத்தார்கள். மச்சினனை வரவழைத்து முனைகளுக்கு ஈயம் பற்ற வைக்கச் சொன்னான். அவன் அந்தத் தடிமனைப் பார்த்தான், தான் போட்ட பழைய கேபிளைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"கடையில இதுதான் குடுத்தாங்க மச்சான். நான் அளவு யோசிக்கல."

"சரி, பத்த வை."

ஒரு கேபிள் பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்கு. இன்னொன்று எர்த் பட்டைக்குப் பதிலாக. போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் தடவினான். அக்கா ஏறி உட்கார்ந்தாள்.

"அழுத்தட்டுமா?"

"அழுத்து."

அவள் விரல் பட்டதுதான் தெரியும். ர்ர்ரும் என்று எடுத்துவிட்டது. அவள் பயந்து பின்னால் சாய்ந்தாள். அணைக்கச் சொன்னான். மறுபடி எடுக்கச் சொன்னான். எடுத்தது. ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வந்து அணைத்து எடுத்தான். அப்போதும் எடுத்தது. மச்சினன் கைதட்டினான். அக்கா இறங்கி, "சரி, கை கழுவுங்க, ரெண்டு பேரும் பேய் மாதிரி இருக்கீங்க" என்றாள். அவனுக்குச் சந்தோஷப்படக்கூட அசதியாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. ஒரு மாடி வீடு. வாசலில் போய் நிறுத்தினான். கை வழக்கம்போல ஸ்டியரிங்கில் தங்கிவிட்டது. பிறகு ஞாபகம் வந்து சாவியைத் திருப்பினான்.

முதலில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மாடியிலிருந்து பேச்சு, ஒவ்வொரு வார்த்தையாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. ஒரு பெண் குரல், "அம்மா கண்ணாடி எங்கடி? போட்டு விடு. அது இல்லாம அவளுக்கு ஒண்ணுமே தெரியாது" என்றது. ஒரு குழந்தை, ஸ்கூலுக்கு நாளைக்கும் லீவா என்று யாரையோ கேட்டது. பெட்டியை இறக்கத் தொடங்கினார்கள் போலிருக்கிறது. "படி திரும்பற இடத்துல பெட்டி திரும்பாது, நிமித்திப் பிடிங்க" என்றான் ஒருவன். உடனே ஒரு கிழவரின் குரல், இறந்தவளின் புருஷனாகத்தான் இருக்க வேண்டும், "நிமித்தாதீங்கப்பா, அவளுக்குத் தலை சுத்தும்" என்றது.

அவன் வண்டியை விட்டு இறங்கினான். இறங்கி எங்கே போவது என்று தெரியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். இத்தனை வருஷம் எத்தனை வாசலில் நின்றிருக்கிறான்! ஒரு வீட்டிலும் இப்படி ஒரு வார்த்தை அவன் காதில் விழுந்ததில்லை. பெட்டி கீழே வந்தபோது "மெதுவா" என்று சொல்லக்கூட மறந்து, கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டான்.

வண்டி ஒரே அழுத்தில் எடுத்தது.

திரும்பி வந்து முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தான். அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"எடுத்துச்சா?"

"எடுத்துச்சு."

"பின்ன ஏன் மூஞ்சி இப்படித் தொங்குது?"

அவன் சொன்னான். கண்ணாடியை, குழந்தையை, கிழவர் சொன்னதை. சொல்லிவிட்டு, "இவ்வளவு பேசுவாங்கன்னு எனக்குத் தெரியாதுக்கா. எனக்கு எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேக்கும்" என்றான்.

அக்கா பேனாவை மூடி வைத்தாள்.

"நம்ம வீட்லேர்ந்து அவரைக் கொண்டு போன அன்னிக்கு நான் உன் ஜன்னல்கிட்ட வந்தேனே, ஞாபகம் இருக்கா?"

"வந்தே. ஏதோ சொன்னே."

"என்ன சொன்னேன்?"

அவன் யோசித்தான். அவள் முகம் ஞாபகம் வந்தது. உதடு அசைந்தது ஞாபகம் வந்தது. "போலாம்னு நீ சொன்னதா நெனச்சேன்."

"கொஞ்சம் இருடா, இன்னொரு தடவை பாத்துக்கறேன்னு சொன்னேன். நீ தலையை ஆட்டிட்டு எடுத்துட்டே."

அறையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"கேக்கலைக்கா. சத்தியமா."

"இப்பதான் புரியுது. நீ காதுல போட்டுக்கலைன்னு நெனச்சிட்டிருந்தேன் இத்தனை வருஷமா. நேரமாச்சுன்னு நீயா முடிவு பண்ணிட்டேன்னு."

"என்னைக் கேட்டிருக்கலாமே. ஒரு வார்த்தை."

"கேட்டு? திருப்பிக் கொண்டு வந்திருப்பியா?"

அவனுக்கு அழலாம் போலிருந்தது, அழவில்லை. அக்காவும் அழவில்லை. மேசையில் இல்லாத தூசியைக் கையால் இரண்டு தடவை துடைத்தாள்.

"அந்தப் பெயின்ட்டையும் அவர்தான் அடிக்க வெச்சாரு" என்றாள். "நல்லா இருக்கணும்னுதான் செஞ்சாரு. யாரைச் சொல்றது?" பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவளும் உட்கார்ந்தாள். போன் அடித்தது. அடிக்கட்டும் என்று கொஞ்சம் விட்டு, அப்புறம்தான் எடுத்தாள்.

அதற்குப் பிறகு வண்டி தகராறு செய்யவில்லை. மழைக்காலத்தில்கூட இரண்டாவது சுற்றில் எடுத்துவிடும். மச்சினன் இப்போது பழைய வண்டி எதைத் திறந்தாலும் முதலில் எர்த்தைத்தான் தேடுகிறான். தானே கண்டுபிடித்த மாதிரி நாலு பேருக்குச் சொல்லவும் செய்கிறான்.

மெதுவா வாசலில் நிறுத்தினதும் எஞ்சினை அணைத்துவிடுவான். ஜன்னலில் யாராவது வந்து நின்றால், "சொல்லுங்கம்மா", "சொல்லுங்கய்யா" என்று கேட்பான். சில பேர் ஒன்றும் கேட்க வந்திருக்க மாட்டார்கள், சும்மா நிற்பார்கள். அவர்களோடு அவனும் நிற்பான். கிளம்பும் முன்னால், "எல்லாரும் பாத்தாச்சா? இன்னொரு தடவை பாக்கணும்னா பாருங்க, அவசரமில்ல" என்று சொல்வான். பழைய மாதிரி வேலை முடிந்து வந்ததும் படுத்துத் தூங்க முடிவதில்லை. கேட்டதெல்லாம் கூடவே வரும். முன்னைவிட இப்போது அதிகமாகக் களைத்துப்போகிறான். அவன் மனைவிகூட, "வண்டி சரியானதுலேர்ந்து நீங்க ரிப்பேர் ஆயிட்டீங்க" என்றாள்.

எல்லா நாளும் கேட்க முடியாது. சின்னப் பெட்டியாக இருக்கிற வீடுகள் உண்டு, அல்லது காலையிலிருந்தே தோள் வலிக்கிற நாட்கள் உண்டு. அப்போது சாவியில் கை வைத்து, கொஞ்ச நேரம் யோசித்து, கையை எடுத்துவிடுவான். எஞ்சின் டுக்குடுக்கென்று ஓடிக்கொண்டிருக்கும். கொட்டகைக்கு வந்தபிறகு அக்கா எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்து, ரொம்ப நேரம் ஓடியிருக்கிறது என்று தெரிந்துகொள்வாள். எதற்கென்று கேட்க மாட்டாள். சோறு எடுத்து வைக்கப் போய்விடுவாள்.